லவ்ரெந்தியின் இடது கண் குறித்து

அனுப்புநர்:
பம்ஃபில் கொந்த்ராத் (வயது 52),
த/பெ. சிதோர் கொந்த்ராத்,
படகோட்டி, மீன் கிடங்குச் சந்து,
ஸ்தாரா கொசா கிராமம்,
டான்யூப் கழிமுகம், துல்சியா மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டத் தலைமை அரசு வழக்கறிஞர் அவர்கள்,
துல்சியா.

பொருள்: 23.11.2023 அன்று ஆற்று முகத்துவாரத்தில் நடந்த வாத்து வேட்டையில் லவ்ரெந்தி ஹால்கின் என்பவர் இடது கண்ணை இழந்தது – அதில் நான் சாட்சியாகப் போட்ட கையெழுத்து பொய் என்று ஒப்புக்கொள்வது – அவர்மீது போடப்பட்ட வழக்கை நிறுத்தி மறுவிசாரணை கோருவது – தொடர்பாக.

பார்வை: ஸ்தாரா கொசா காவல் நிலைய அறிக்கை, நாள் 24.11.2023.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இந்த மனுவை நானே என் கைப்பட எழுதுகிறேன். எங்கள் ஊரில் மனு எழுதித் தரும் ஓய்வுபெற்ற தபால்காரர், இதில் வரும் பெயரைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன் என்பதால், எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். விவரத்தில் பிழை இல்லை.

1. நான் முப்பது ஆண்டுகளாகப் படகோட்டிப் பிழைப்பவன். கோடையில் மீன்பிடிப்பு. குளிர்காலத்தில், வாத்து சுட வருகிறவர்களை ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அழைத்துப் போவேன். லவ்ரெந்தி என் தங்கை உலியானாவின் கணவர். வயது முப்பத்தெட்டு. நாணல் அறுப்பவர். அவருக்கு வாத்தை அழைக்கும் சீட்டி தேவையில்லை. வெறும் வாயாலேயே பெட்டை வாத்தைப் போலக் கத்தி, உயரத்தில் போகும் கூட்டத்தைத் தண்ணீருக்கு இறக்கிவிடுவார். நாணல்முனை வேட்டைச் சங்கத் தலைவர் திரு. ஹோரியா வல்சான் அவர்கள் அதைக் கேள்விப்பட்டு, அவரைக் கூட்டிவரச் சொன்னார். கூட்டிப் போனவன் நான்.

2. அன்று காலை ஆறரை மணிக்கு என் படகில் நான்கு பேர் கிளம்பினோம். திரு. வல்சான், தலைநகரிலிருந்து அவர் விருந்தாளியாக வந்திருந்த பல் மருத்துவர் திரு. மிர்ச்சா தொமூட்சா, லவ்ரெந்தி, நான். கூடவே திரு. வல்சானின் வேட்டை நாய். கரையோரம் தண்ணீர் கண்ணாடித் தகடாக உறைந்திருந்தது. இரண்டு நாள் முன்பு அந்தப் பனிக்கட்டி கிழித்து நாயின் பாதத்தில் காயம். ஆகவே நாயைக் கம்பளிமேல் படுக்க வைத்திருந்தார்கள். விழுகிற வாத்துகளை எடுத்துவர யார் என்று நான் கேட்டேன்.

“லவ்ரெந்தி இருக்கான்ல? அவனுக்குக் காலு ரெண்டும் நல்லாத்தான இருக்கு” என்றார் திரு. வல்சான்.

“காலு நல்லாத்தான் இருக்கு ஐயா. குரைக்கத்தான் இன்னும் பழகல” என்றார் லவ்ரெந்தி. அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். எல்லாரும் சிரித்தோம்.

அவருக்குச் சங்கத்தின் ரப்பர் கால்சட்டையைக் கொடுத்தார்கள். மார்புவரை வரும். வலது முழங்காலில் ஒரு ஓட்டை இருந்தது எனக்குத் தெரியும். வேறு இல்லை என்றார்கள்.

3. முதல் ஒரு மணி நேரத்தில் பெட்டை வாத்து ஒன்று இறக்கை ஒடிந்து விழுந்தது. லவ்ரெந்தி அதை எடுத்துவந்து கழுத்தைத் திருகப் போனார். திரு. வல்சான் வேண்டாம் என்று வாங்கி, அதன் காலில் தூண்டில் நரம்பைக் கட்டி, மறுமுனையைச் சேற்றில் ஊன்றிய ஒரு கழியில் முடிந்து தண்ணீரில் விட்டார். அது கத்திக்கொண்டே வட்டமடித்தது. அதன் கத்தலுக்கு மற்றவை இறங்கின. இறங்கியவற்றைச் சுட்டார்கள். உயிருள்ள பறவையைக் கட்டிவைத்துச் சுடுவது சட்டப்படி குற்றம் என்பது சங்கத் தலைவருக்குத் தெரியாததல்ல. சங்கக் கட்டடத்தின் சுவரில் அது எழுதியே இருக்கிறது.

4. எட்டரை மணி வாக்கில் அந்தப் பெட்டை தலையைத் தண்ணீருக்குள் போட்டுச் செத்தது. திரு. வல்சான் கழியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “செத்துத் தொலஞ்சிருச்சு. போகட்டும், நம்மகிட்ட இன்னொண்ணு இருக்கே” என்று லவ்ரெந்தியைப் பார்த்தார்.

நாணலைத் தாண்டி மார்பளவு தண்ணீரில் நின்று கத்தும்படி லவ்ரெந்திக்குச் சொல்லப்பட்டது. ஆள் நிற்பது மேலிருந்து தெரியக்கூடாது என்று, பிளாஸ்டிக் பொம்மை வாத்து ஒன்றை அவர் தொப்பிமேல் வைத்துக் கட்டச் சொன்னார்கள். “நீ கட்டு பம்ஃபில். உன் முடிச்சுதான் அவுறாது” என்றார் திரு. வல்சான். வலைக்கயிற்றை லவ்ரெந்தியின் தாடைக்குக் கீழே கொண்டுபோய் இரண்டு சுற்றுச் சுற்றி நான் கட்டினேன். மருத்துவர் கைப்பேசியில் படம் பிடித்தார். “உன் பொண்டாட்டி பாத்தா முட்ட எங்கன்னு கேப்பா” என்றார். அதற்கும் சிரித்தோம்.

5. லவ்ரெந்தி நன்றாகக் கத்தினார். மூன்று கூட்டம் இறங்கின. அவர் தலைக்குமேல் சுட்டார்கள். ஒவ்வொரு வெடியிலும் சிதறும் சிறு குண்டுகள் அவரைச் சுற்றி ஆலங்கட்டி மழைபோல விழுந்தன. ஒருமுறை அவர் திரும்பி, “ஐயா, கொஞ்சம் ஒசத்திச் சுடுங்க!” என்று கூவினார்.

“வாத்து பேசக்கூடாதுடா, கத்தத்தான் செய்யணும்!” என்று படகிலிருந்து திரு. வல்சான் பதில் கொடுத்தார்.

பிறகு சிறிது நேரம் எதுவும் வரவில்லை. மருத்துவர் குளிருக்குப் படகுப் பலகையில் காலைத் தட்டிக்கொண்டு, “அந்தத் தலையில இருக்கறத மட்டும் தட்ட முடியுமா?” என்று கேட்டார். “தட்டுனா ஆடும் பாருங்க” என்றார் திரு. வல்சான். விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன். அவர் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனபோதும் அப்படியே நினைத்தேன். ஒரு வெடி. தூரம் முப்பத்தைந்து மீட்டர் இருக்கும். நேரம் ஒன்பது இருபது.

அம்மையீர், அப்போது வானத்தில் ஒரு பறவையும் இல்லை.

லவ்ரெந்தி அலறவில்லை. கத்தல் நின்றது, அவ்வளவுதான். இரண்டு கையாலும் தாடைக்கடியில் கயிற்றைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அது அவிழவில்லை. “ஆடுச்சா இல்லையா?” என்று திரு. வல்சான் மருத்துவரைக் கேட்டது என் காதில் விழுந்தது.

6. நான் படகைக் கொண்டுபோய் அவரைத் தூக்கிப் போட்டேன். கயிற்றைக் கத்தியால் அறுத்தேன். இடது கண் இருந்த இடம் முழுக்க ரத்தம். கால்சட்டைக்குள் ஏறியிருந்த தண்ணீரால் உடம்பு நடுங்கியது. நாயின் கம்பளிக்குக் கை நீட்டினேன். “அத விடு. ரத்தம் பட்டா அப்புறம் நாய் படுக்காது” என்றார் திரு. வல்சான்.

மருத்துவர் குனிந்து பார்த்து, “ரெண்டே குண்டு, சின்னது. ஒண்ணும் ஆகாது” என்றார். புட்டியிலிருந்து பிளம் சாராயத்தைக் கண்மேல் ஊற்றினார். அப்போதுதான் லவ்ரெந்தி அலறினார். மிச்சத்தை, “குடி, நோவு தெரியாது” என்று வாயில் ஊற்றினார். அரைப் புட்டிக்குக் குறையாது. அதற்குமுன் லவ்ரெந்தி அன்று ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

நான் இஞ்சினைக் கிளப்பினேன். திரு. வல்சான் என் தோளில் கை வைத்தார். கடல் பக்கம் கூட்டம் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. “அவசரப்படாத. அத முடிச்சிட்டுப் போவோம். மார்ச்சுல உன் படகு உரிமம் புதுப்பிக்கணும்ல, பம்ஃபில்? சங்கத்தோட கடுதாசி இல்லாம எப்படிக் குடுப்பாங்க?” என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

இஞ்சினை அணைத்தேன். படகு என்னுடையது. சுக்கான் என் கையில் இருந்தது. என்னை யாரும் கட்டிப்போடவில்லை. நாற்பது நிமிடம் அங்கேயே இருந்தோம். லவ்ரெந்தி படகின் அடிப்பலகையில், செத்த வாத்துகளுக்கு நடுவே கிடந்தார். ஒவ்வொரு வெடிக்கும் அவர் உடம்பு தூக்கிப்போட்டது.

“மச்சான், போறோமா?” என்று கேட்டார்.

“இதோ போறோம் மாப்பிள்ள” என்றேன்.

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையே சொன்னேன்.

7. ஊருக்கு வந்தபோது மணி பத்தே முக்கால். அங்கிருந்து மருத்துவப் படகில் துல்சியாவுக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவமனையில் இரண்டு குண்டுகளை எடுத்தார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ரத்தத்தில் சாராயம் இருந்ததையும் உள்ளது உள்ளபடி எழுதினார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை.

மறுநாள் மதியம் என்னைச் சங்கக் கட்டடத்துக்கு வரச்சொன்னார்கள். எங்கள் ஊர்க் காவல் நிலையக்காரர் அங்கே உட்கார்ந்து அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். திரு. வல்சான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். லவ்ரெந்தி அழைப்பில்லாமல் வேட்டைப் பகுதிக்குள் வந்ததாகவும், குடிபோதையில் படகிலிருந்த துப்பாக்கியை எடுத்துக் கையாண்டதில் அது வெடித்ததாகவும், உடனே கரைக்குக் கொண்டுவரப்பட்டதாகவும் அதில் இருந்தது. நான் வாசித்தேன். தெரியாமல் போட்ட கையெழுத்தல்ல அது. போட்டதும் எனக்கு ஒரு தட்டு வைத்தார்கள். முந்தின நாள் சுட்ட வாத்து, முட்டைக்கோஸுடன் வேகவைத்தது. சாப்பிட்டேன்.

அடுத்த வாரமே சங்கத்தின் கடிதம் எனக்கு வந்தது.

8. மூன்று மாதம் நான் லவ்ரெந்தியின் வீட்டுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். விறகு பிளந்து போட்டேன். மீன் கொண்டுபோனேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தண்ணீரில் நின்றபோது படகில் என்ன பேச்சு நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. தவறிப் பட்டது என்றே நம்பியிருந்தார். “ஐயா வேணும்னேவா பண்ணுவாரு?” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

மார்ச் 5 அன்று, நான் அங்கே மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பதிவுத் தபால் வந்தது. அனுமதியின்றி வேட்டைப் பகுதிக்குள் நுழைந்தது, போதையில் பிறர் துப்பாக்கியைக் கையாண்டது என்று லவ்ரெந்திமேல் வழக்கு. ஏப்ரல் 9 அன்று நீதிமன்றத்துக்கு வரவேண்டும். எழுத்து கலங்குகிறது என்று லவ்ரெந்தி அதை என் தங்கையிடம் கொடுத்தார். உலியானா சத்தமாக வாசித்தாள். சாட்சியின் பெயர் வந்த இடத்தில் நின்றாள். கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

“இது வேற பம்ஃபிலா அண்ணே?”

எங்கள் ஊரில் வேறு பம்ஃபில் கிடையாது. நான்தான் என்றேன். அவள் ஏசவில்லை. என் முன்னாலிருந்த கிண்ணத்தை எடுத்துப்போய், மிச்சக் குழம்பை நாய்க்கு ஊற்றினாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் வெளியேறும்வரை நின்றாள். லவ்ரெந்தி மேசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

9. நான் இப்போது சொல்வதை நம்பத் தேவையில்லை என்று தாங்கள் நினைத்தால் அதுவும் நியாயமே. ஆகவே என் வார்த்தையைச் சாராத சிலவற்றைக் கூறுகிறேன். கையிலிருந்த துப்பாக்கி முகத்தருகே வெடித்திருந்தால் லவ்ரெந்திக்குத் தலையே இருந்திருக்காது. இரண்டு குண்டு மட்டும் முகத்தில் பட வேண்டுமானால் வெடி தூரத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இதைத் துப்பாக்கி தெரிந்த யாரும் சொல்வார்கள். அந்த இரு குண்டுகளும் மருத்துவமனையில் பத்திரமாக இருக்கின்றன. தொப்பியையும் பொம்மை வாத்தையும் நான் படகிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். பொம்மையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒன்பது துளைகள். மருத்துவரின் கைப்பேசியில் உள்ள படத்தில், அழைப்பில்லாமல் வந்ததாகச் சொல்லப்படும் மனிதர், தலையில் பொம்மையோடு, சங்கத்தின் பெயர் பொறித்த கால்சட்டையில் நிற்பார். படம் இன்னும் அழிக்கப்படாமல் இருக்க வேண்டும்.

10. ஆகவே நான் தங்களை வேண்டுவது:

24.11.2023 தேதியிட்ட அறிக்கையில் உள்ள என் சாட்சியத்தைப் பொய் என்று பதிந்து நீக்க வேண்டும். பொய்ச் சாட்சிக்கும், நாற்பது நிமிடம் இஞ்சினை அணைத்து வைத்ததற்கும் என்மேல் வழக்குத் தொடர வேண்டும். அதில் எனக்குச் சலுகை எதுவும் கேட்கவில்லை. திரு. வல்சான் அவர்களின் துப்பாக்கியையும் திரு. தொமூட்சா அவர்களின் கைப்பேசியையும் காலம் தாழ்த்தாமல் கைப்பற்ற வேண்டும். விசாரணையை எங்கள் ஊர்க் காவல் நிலையத்திடம் ஒப்படைக்காமல் தங்கள் நேரடிப் பார்வையில் நடத்த வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் ஒன்று உண்டு. நேற்று, இதுவரை எழுதியதை வாசித்துக் காட்ட லவ்ரெந்தியின் வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

“எதுவும் வேண்டாம் மச்சான். நான் வக்கீல் வைக்கல. குத்தத்த ஒத்துக்கப் போறேன். சொந்த மச்சானே கையெழுத்துப் போட்டதுக்கப்புறம் என் பேச்ச எவன் நம்புவான்? ஒத்துக்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்னு சொல்றாங்க.”

அவர் சொன்னால் சொன்னதுதான். ஏப்ரல் 9 அன்று காலை நான் முதல் படகில் துல்சியா வந்து நீதிமன்ற வாசலில் நிற்பேன். உள்ளே லவ்ரெந்தியின் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பு என் பெயரைக் கூப்பிட ஏற்பாடு செய்யும்படி, கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: தொப்பி, பொம்மை வாத்து, அறுத்த வலைக்கயிறு (ஒரே பொட்டலமாக).

இடம்: ஸ்தாரா கொசா
நாள்: 18.03.2024

இப்படிக்கு,
தங்கள் விசாரணைக்குக் கட்டுப்பட்ட,
(ஒப்பம்)
பம்ஃபில் கொந்த்ராத்