கல்பனாவின் வாத்தும் என் அந்துப்பூச்சியும்

ஜூலை 14, செவ்வாய்

இன்று கல்லூரியில் கல்பனாவும் நானும் எங்கள் ஆய்வுகளைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேசினோம். அவளுடையது அந்தமான் வாத்து. பறவை வகுப்பு, அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என்னுடையது அந்துப்பூச்சி. பூச்சி வகுப்பு, வண்ணத்துப்பூச்சிகளும் அடங்கும் வரிசை. அது அழியும் ஆபத்தில் உள்ளதா என்று இன்னும் யாரும் மதிப்பிடவில்லை.

"அரே, மதிப்பிடவே இல்லைன்னா பேச என்னம்மா இருக்கு?" என்று பேராசிரியர் சிரித்தார். கல்பனாவும் சிரித்தாள்.

மாலையில் அவளே போன் செய்தாள். "சிப்பிகாட் சதுப்புல இன்னைக்கு ஒரு வாத்துகூட இல்லடி. பயமா இருக்கு."

"வந்துடும், விடு" என்றேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது: வாத்து குறையக் குறைய அவள் ஆய்வுக்குத்தான் மதிப்பு கூடும். நாளைக்கே அவை கூட்டமாகத் திரும்பி வரவேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு படுக்கப் போகிறேன்.