இரண்டாம் சரக்கறையின் இடது மூலை

ரிச்மண்ட், கலிபோர்னியா
7 பிப்ரவரி 1971

அன்புத் தங்கை வெர்னாவுக்கு அண்ணன் ஆர்வில் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கர்த்தர் அருள்வாராக.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதை மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்துக்கு ஐந்து நாள் ஆயிற்று. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் என் கையால் போட்டது, வெர்னா! எழுபத்து மூன்று வயதில், தேவாலய வகுப்பில் கற்றது. உன் பெயரை முதன்முதலில் எழுதியபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். இத்தனை வருடமும் போதகரின் மகள்தான் எனக்காக எழுதினாள். அவளிடம் சொல்ல முடியாதது ஒன்று இருந்தது.

உன் வீட்டில் எனக்கு அறை ஒழித்து வைத்து, வந்துவிடு என்கிறாய். அதற்கு முன் உன் கணவன் கிளியோன் போன கப்பலைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போர் நடந்த நாற்பத்து மூன்றில், இந்த ஊர்க் கப்பல் பட்டறையில் அந்தச் சரக்குக் கப்பலை முப்பத்தொரு நாளில் கட்டினோம். முதலில் முடிக்கும் குழுவுக்கு ஒரு கொடி கொடுப்பார்கள். மேல்தளத்தில், இரண்டாம் சரக்கறை வாயிலின் இடது மூலை என் பங்கு. தகடுகளுக்கு நடுவே இடைவெளி அகலமாக இருந்தது. அடியிலிருந்து கம்பியை உருக்கி நிரப்ப வேண்டும். நான் வெல்டிங் கம்பிகளை அப்படியே உள்ளே படுக்கவைத்து, மேலே மட்டும் பற்றவைத்தேன்.

பக்கத்தில் வேலை செய்த ஒபீலியா, "என்னண்ணே, சொத்தப் பல்லுக்குத் தங்க மூடி போடுறியா?" என்றாள். "வாய மூடிட்டு வேலயப் பாரு, கொடி போயிரும்" என்றேன். கொடி எங்களுக்கே கிடைத்தது.

கிளியோனை அதில் சமையல் வேலைக்குச் சேர்த்ததும் நான்தான். "நான் கட்டுன கப்பல்டா" என்று பெருமையடித்தேன். "ஒழுகுச்சுன்னா உன் சட்டையக் கழட்டித்தான் அடைப்பேன், மச்சான்" என்று சிரித்தான்.

கப்பல் இரண்டு முறை மாவும் லாரிகளும் ஏற்றி அல்ஜீரியா போய்த் திரும்பியது. மூன்றாம் முறை, ஜனவரியில், வடகடலுக்குப் போனது. பிழைத்து வந்த மாலுமி ஒருவன் சொன்னான்: "பீரங்கி மாதிரி ஒரே சத்தம். டார்பிடோன்னு நெனச்சோம். பாத்தா எதிரிக் கப்பலே இல்ல. ரெண்டாம் சரக்கறை இடது மூலையிலேருந்து தளம் கிழிஞ்சு ரெண்டாப் போச்சு."

கேட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் ரொட்டி தின்றேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. குளிரில் அந்த இரும்பே உடையும் என்று பிற்பாடு சொன்னார்கள். இருக்கலாம். கம்பியை வைத்தது நான்.

அரசாங்கம் உனக்கு "கடலில் மரணம்" என்று மட்டும் எழுதியது. எதிரியின் டார்பிடோ என்று போதகரின் மகளிடம் சொல்லி உனக்கு எழுதவைத்தது நான். இருபத்தேழு வருடமாக ஒரு ஜெர்மன் ஊசியைக்கூட நீ வீட்டுக்குள் விடவில்லை.

ரயில் சீட்டு இன்னும் வாங்கவில்லை. நீ வா என்றால் வருகிறேன். வராதே என்றால் அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. எப்படியானாலும் அடுத்த வாரம் எழுதுவேன், அதற்கடுத்த வாரமும். பிரிக்காமல் வைத்தாலும் சரி, திருப்பி மட்டும் அனுப்பாதே, தங்கச்சி.

உன் அண்ணன்,
ஆர்வில்