ஒரு சைபருக்கு ஏழு கையெழுத்து

நாள் 214 / 08:20
இதைக் கண்டெடுப்பவர் யாராயிருந்தாலும், முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய காலைக் கூட்டத்துக்கு நான் இருபது நிமிஷம் தாமதம். கூட்டத்தில் நான் ஒருவன்தான். விளக்கக் கடிதம் எழுதி, எனக்கே கொடுத்து, மனசில்லாமல் மன்னித்தேன். காரணம் தூக்கம். மூன்று வாரமாக அப்படியொரு சுகமான தூக்கம்.

இடம்: டைட்டனைச் சுற்றும் ஆய்வு நிலையம். ஆள்: சிங்காரவடிவேல், ஐம்பத்திரண்டு வயது, மென்பொருள் பராமரிப்பு. கரியமில வாயு 0.9 சதவீதம். கொஞ்சம் கூடுதல். லேசான தலைவலி.

நாள் 215 / 11:05
பிழை அகப்பட்டது. காற்றைச் சுத்தம் செய்யும் விசிறி மணிக்கு நாற்பது நிமிஷம் ஓட வேண்டும். மென்பொருளில் நான்கு என்றிருக்கிறது. எந்தப் புண்ணியவான் வேலையோ! ஒரு சைபர் சேர்த்தால் தீர்ந்தது.

தீரவில்லை. நிலையத்தைக் கட்டியபோது நானூறு பேர் இருந்தார்கள். அவர்களுக்காக எழுதிய நடைமுறை இன்னும் அப்படியே: பதினொரு படிவம், ஏழு கையெழுத்து. எழுதுபவன் வேறு, சரிபார்ப்பவன் வேறு, சோதிப்பவன் வேறு. மீசையை மழித்துக்கொண்டு போய் நின்றாலும் கணினி ஏமாறாது. முயன்று பார்த்துவிட்டேன்.

நாள் 216 / 16:40
வாயு 2.1. இத்தனை நாள் தாங்கிய உபரி வடிகட்டி நிறைந்துவிட்டது, இனி மளமளவென்று ஏறும். பூமியிலிருந்து தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஹெப்சிபாவின் பதில்:

"அண்ணே, சின்னத் திட்டத்துக்குன்னு ஒத்தைப் பக்க நடைமுறை தனியா இருக்கு. அதுக்கு மாறணும்னா நிலையத்துல குழு கூடித் தீர்மானம் போடணும். குறைஞ்சது அஞ்சு பேர்."

நான் அனுப்பியது: "அஞ்சு பேர் இங்க மூச்சு விட்டிருந்தா போன வாரமே பால் ஊத்தியிருப்பீங்கம்மா."

மூன்று மணி நேரம் கழித்து: "கோவிச்சுக்காதீங்க. ஏழு கையெழுத்தையும் இங்கேயே வாங்கித் தரேன்."

நாள் 217 / 09:15
வாயு 3.4. ஹெப்சிபா:

"ஆறு வாங்கிட்டேன் அண்ணே. ஏழாவது ஆள் மச்சான் பிள்ளைக்குக் காதுகுத்துன்னு லீவுல போயிருக்காரு. திங்கக்கிழமை வந்துடுவாரு."

திங்கட்கிழமை நான் இருக்க மாட்டேன். ஒரு டம்ளர் காபிக்குக் கல்யாண மண்டபத்து அண்டாவை ஏற்றச் சொல்கிறார்கள். ஒன்பதாம் படிவத்தில், 'மாற்றம் தாமதமானால் பயனாளர் எண்ணிக்கையில் பாதிப்பு?' என்றொரு கட்டம். 'ஒன்று குறையும். மீதி பூஜ்யம்' என்று நிரப்பினேன். குமட்டுகிறது. வாயுவாலா, படிவத்தாலா, தெரியவில்லை.

நாள் 217 / 13:50
4.6. மூச்சு வாங்குது. எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது.

மென்பொருளுக்குள் நேரே நுழைய அவசர வழி ஒன்று உண்டு. கையெழுத்தே வேண்டாம். ஆனால் கண்டுபிடித்தால் விசாரணை, வேலை போய்விடும். ஒழுங்கான மனுஷன் நான், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

போகட்டும் வேலை. துப்பிவிட்டுத் திறக்கிறேன்.

13:58
சைபர் சேர்த்தாச்சு. விசிறி உறுமுது. அடடா, என்ன ஒரு சங்கீதம்! ஹெப்சிபாம்மா, உங்க பதினொரு படிவத்தையும் சுருட்டி

14:03
வழியை மூடுவதற்குமுன் திரை பழைய பதிவைக் காட்டுகிறது. இதற்குமுன் ஒரே ஒரு தடவை திறந்திருக்கிறார்கள்.

நாள் 193, பிற்பகல். மாற்றம்: நாற்பது, நான்கு ஆனது. சரிபார்த்தவர்: இல்லை. காரணம்: 'விசிறி இரைச்சல். ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு, எழுந்ததும் மாற்றிவிடுகிறேன்.' பெயர்: சிங்காரவடிவேல்.