கழுவி வந்த டிபன் கேரியர்

திங்கள், விடியற்காலை

சிட்டு,

நீ கண் விழிக்கும்போது நான் கோழி அறுக்கிற கம்பெனியில் நின்றுகொண்டிருப்பேன். வழக்கம்போல் சீட்டை உன் கேரியரின் மேல் மூடிக்குள் வைக்கிறேன். ஒரு நாள் என் வேலையைப் பார்க்க உன்னைக் கூட்டிப்போனேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். கறி வேண்டாம், முட்டை வேண்டாம், சரி. பாலும் தயிரும் நெய்யும் கூட வேண்டாம் என்றால் நான் எதைத்தான் ஆக்கிப் போடுவது? காயை அவித்து வைத்திருக்கிறேன். உன் அப்பா எட்டிப் பார்த்து, "அப்படியே ஒரு புண்ணாக்குத் தொட்டியும் வாங்கிடு" என்கிறார். கோபப்படாமல் சாப்பிடு.

அம்மா

திங்கள், மாலை

அம்மா,

பொய் சொல்ல மாட்டேன். வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. மூன்று மணிக்கே வயிறு கத்தியது, நல்லவேளை தையல் மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கறிக்குச் செய்கிற வேலையையெல்லாம் சோயாவுக்கும் செய்து பாரேன். அது என்ன, வேண்டாமென்றா சொல்லும்?

உன் கன்றுக்குட்டி

வியாழன், விடியற்காலை

கன்றுக்குட்டிக்கு,

சோயாவை வெந்நீரில் ஊறப்போட்டு, ஒட்டப் பிழிந்து, சட்டியில் சிவக்க வறுத்தேன். வெங்காயம் கருகப் போகிற நேரம் வரை விட்டு, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, வேர்க்கடலை அரைத்து ஊற்றினேன். கீழ் அடுக்கில் கொண்டைக்கடலைச் சோறு. உன் அப்பா ஒரு துண்டை வாயில் போட்டு, "கறி பஞ்சா வெந்திருக்கே" என்றார். சோயா என்றதும் துப்பிவிட்டார். நீ துப்பாதே.

அம்மா

வியாழன், மாலை

அம்மா,

வயிறு முட்டிவிட்டது! வேலை முடியும்வரை பசி என்ற பேச்சே இல்லை. சூப்பர்வைசர் அக்கா, "எந்தக் கடையில வாங்குனடி?" என்று விரலால் தொட்டு நக்கினாள். இனிமேல் கேரியரைக் கழுவாமலே கொண்டுவருவேன். வழித்த விரல் தடம் இருந்தால் வயிறு நிறைந்தது என்று வைத்துக்கொள். நன்றியெல்லாம் தனியாக எழுத மாட்டேன்.

கன்றுக்குட்டி

ஞாயிறு

சிட்டு,

உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரமாகிறது. எனக்கு வேறு இடம் தெரியவில்லை. இந்தச் சீட்டையும் மேல் மூடிக்குள்தான் வைக்கிறேன்.

சாப்பாட்டு வேளை முடிந்து மணி அடித்த பிறகு மாடிப்படியில் மயங்கி விழுந்தாயாம். தலையில் அடி. "வெறும் வயிறா?" என்று டாக்டர் கேட்டார். நீ சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை. உன் அப்பா அத்தனை பேர் நடுவில், "புல்லைப் போட்டு எம் பொண்ணைக் கொன்னுட்டா" என்றார். உன் அத்தை, "ஒரு துண்டு கறி உள்ள போயிருந்தா தாங்கியிருப்பா" என்றாள்.

நான் கேரியருக்காகக் காத்திருந்தேன். தடத்தைக் காட்டி அவர்கள் வாயை அடைக்கலாமென்று.

உன் பக்கத்து மிஷின்காரப் பெண் கொண்டுவந்தாள். பளபளவென்று இருந்தது. "பைப்படியில யாரோ கொட்டிட்டுத் தண்ணி ஊத்தி வச்சிருந்தாங்கம்மா. நான்தான் நல்லாத் தேய்ச்சுக் கொண்டாந்தேன்."

"கொட்டுனாங்களா? சோறா, வெறும் எச்சத் தண்ணியா?"

"தெரியலையேம்மா."

நல்லா இரு தாயி என்று அனுப்பினேன். அவள் கையை முறிக்கலாம் போலிருந்தது.

இன்று உன் அப்பா கோழி வாங்கிவந்தார். என் கம்பெனிக் கோழிதான். "இன்னிக்காவது மனுஷன் திங்கறதை ஆக்கு." ஆக்கினேன். அத்தை இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டு, "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்றாள். எல்லார் தட்டிலும் வழித்த விரல் தடம். நான்தான் உட்கார்ந்து தேய்த்தேன்.

உன் கேரியரையும் திறந்து திறந்து பார்க்கிறேன். என் மூஞ்சிதான் தெரிகிறது. அன்றும் சோயாதான் வைத்தேன், வேர்க்கடலை கொஞ்சம் கூடுதலாகப் போட்டு.

சிட்டு, சாப்பிட்டியா?