மாவட்டத்துக்கு மார்க் போடுகிறவள்

ஜூன் 9

அன்புள்ள மௌனசாமிக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் உன் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? தையல் கடை அக்கா இன்னும் உன்னைத் திட்டுகிறாரா? ஒரு தடவையாவது திருப்பிப் பேசு.

வாடகை வீடு கிடைத்துவிட்டது. இரண்டு அறை, ஒரு கிணறு, பின்னால் வெறும் நிலம். ஊருக்கு வரும் வழியில் ஓர் ஆற்றுப் பாலம். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. போன வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. கடை மூடினாலும், கரண்ட் போனாலும், நம் கையை வைத்து நாமே பிழைக்கிற இடம் வேண்டுமாம். இந்த மாவட்டம் அதற்குச் சரிவருமா என்று ஆறு மாதம் வாழ்ந்து பார்க்கப் போகிறோம். தண்ணீர், மண், சாலை, வைத்தியம், மனிதர்கள் எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. பாஸ் ஆனால் அங்கிருக்கும் வீட்டை விற்றுவிட்டு இங்கேயே தங்கிவிடுவோம். ஃபெயில் ஆனால் திரும்பி வந்துவிடுவோம்.

மார்க் போடுகிற வேலை எனக்கு. என்ன பார்க்க வேண்டும் என்று நீயும் யோசித்து எழுது.

பக்கத்து வீட்டில் நம் வயதில் ஒருத்தி இருக்கிறாள். கிணற்று மோட்டார் பழுது பார்ப்பவரின் மகள். என்னைவிட அதிகம் பேசுகிறாள், நம்புவாயா?

உன் வாயாடி


ஜூன் 18

அன்புள்ள வாயாடிக்கு,

நம்பினேன். உன்னைவிட அதிகம் பேசுகிறவள் என்றால் உனக்கு நல்ல பொழுதுபோக்குத்தான்.

நான் நலம். நேற்று கடை அக்கா, "என்னடி, உன் வாய்க்கும் சேர்த்துப் பட்டன் தைச்சுட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பள்ளியில் டீச்சர் என்னைக் கேட்டால் நீ எழுந்து பதில் சொல்வாய். பள்ளியையும் விட்டேன், நீயும் போய்விட்டாய். இங்கே எனக்காகப் பதில் சொல்ல யாரும் இல்லை.

கிணறு கிணறு என்று குதிக்கிறாயே, கோடையில் அதில் தண்ணீர் இருக்குமா? இப்போது எட்டிப் பார்த்துவிட்டு மார்க் போடாதே. எனக்கென்னவோ வற்றிவிடும் என்றுதான் தோன்றுகிறது.

உன் மௌனசாமி


ஜூலை 2

அன்புள்ள மௌனசாமிக்கு,

எப்படியடி இப்படிக் கேட்டாய்! அப்பாவே யோசிக்கவில்லை. கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்று கிணற்றுச் சுவரின் கறையைப் பார்த்தே சொல்லலாமாம். பக்கத்து வீட்டுக்காரிதான் காட்டினாள். நானும் அவளும் தெருவிலிருக்கும் கிணறு ஒன்றுவிடாமல் எட்டிப் பார்த்தோம். எங்கள் கிணறு வற்றாது. தண்ணீருக்கு எட்டு மார்க்.

"யாரு உன் ஃப்ரெண்டு, பெரிய ஆபீசரா?" என்று அவள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் கேள்வி அனுப்பு.

உன் வாயாடி


ஜூலை 11

வாயாடிக்கு,

கிணறு கிணறாக இரண்டு பேரும் தலையை விட்டுப் பார்த்தீர்களாக்கும். விழாமல் இருந்தீர்களே, அதுவே பெரிது.

அடுத்த கேள்வி. ஊருக்கு வரும் வழியில் ஒரு பாலம் இருப்பதாக முன்பு எழுதியிருந்தாய். ஆற்றில் வெள்ளம் வந்து அது மூழ்கினால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீர்கள்? உன் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் இருப்பது நினைவிருக்கிறதா? இதை உன் மோட்டார் ராணியிடம் கேட்காதே. நீயாகப் பார்.

கடைக்கு வெளியே நம் பெஞ்சில் இப்போது யாரோ சைக்கிளைச் சாய்த்து வைக்கிறார்கள்.

உன் மௌனசாமி


ஆகஸ்ட் 4

அன்புள்ள மௌனசாமிக்கு,

பாலம் மூழ்கும். விசாரித்துவிட்டேன். அப்பா முகம் தொங்கிப்போய் சாலைக்கு இரண்டு மார்க் போடச் சொன்னார். அப்போது அவள்தான், "மேட்டு வழியா ஒரு பாதை இருக்கு, வா காட்டுறேன்" என்றாள். காலையில் கிளம்பி மேட்டைச் சுற்றி ஆஸ்பத்திரி வரை நடந்தே போனோம். ஆற்றைக் கடக்கவே வேண்டியதில்லை! திரும்பும்போது என் செருப்பு இரண்டும் அறுந்துவிட்டன. அவள் தன்னுடையதில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். ஆளுக்கு ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி வந்தோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நீ மட்டும் கேட்காவிட்டால் இந்தப் பாதையே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அவளை ராணி என்று ஏன் எழுதினாய்?

உன் வாயாடி


ஆகஸ்ட் 13

வாயாடிக்கு,

ஒற்றைச் செருப்போடு நடந்தால் முள் குத்தும். குத்தவில்லை போலிருக்கிறது.

கடைசியாக ஒன்று. நாளைக்கே பெரிய கஷ்டம் வந்து எல்லோருக்கும் தட்டுப்பாடு என்றால் வெளியூரிலிருந்து வந்த உங்களை அங்கே யார் சேர்த்துக்கொள்வார்கள்? பல்லைக் காட்டிச் சிரிக்கிறவர்கள்தான் முதலில் கதவைச் சாத்துவார்கள். மனிதர்களுக்குப் பூஜ்யம் போடு. மொத்த மார்க் தானாகக் குறைந்துவிடும்.

மௌனசாமி


அக்டோபர் 30

மௌனசாமிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத மனசு வரவில்லை.

உன் கேள்விகளை இங்கே சத்தமாகப் படித்துக் காட்டுவது வழக்கம். அதையும் படித்தேன். பூஜ்யம் என்ற இடத்தில் அம்மா என்னை நிறுத்தி, "அந்தப் பொண்ணுக்கு நாம வந்ததே பிடிக்கல. இதுகூடவா உனக்குப் புரியல?" என்றாள். அப்பா சிரித்தார். "ஃபெயிலாக்கணும்னே தேடித் தேடிக் கேட்டிருக்கா. அவ கேட்டும் தேறிடுச்சுன்னா, இதைவிட நல்ல இடம் நமக்குக் கிடைக்காது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே மழை வந்தால் அம்மா கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள், நீயே பார்த்திருக்கிறாய். போன வாரம் இங்கே நல்ல மழை. எங்கள் மோட்டார் புகைந்துவிட்டது. பக்கத்து வீட்டார் கூப்பிடாமலே வந்து சரிசெய்தார்கள். அவர்கள் போனபின் அம்மா தரையில் பாய் விரித்துத் தூங்கினாள். அந்த மனிதர்களுக்குத்தான் நீ பூஜ்யம் போடச் சொன்னாய்.

ஆறு மாதம் ஆகும் முன்பே அங்கே வீட்டை விலை பேசியாகிவிட்டது. நாங்கள் வரப்போவதில்லை. இனிமேல் நீ எழுதுவாயா, தெரியவில்லை.

வாயாடி


நவம்பர் 21

அன்புள்ள வாயாடிக்கு,

உன் அம்மா தரையில் படுத்துத் தூங்கியதைப் பலமுறை படித்தேன். அவரிடம் நான் கேட்டதாகச் சொல்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். கடையில் மிஞ்சிய தடித் துணியில் தோள்பை தைத்திருக்கிறேன். அவசரமென்றால் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். உள்ளே மழைக்கோட்டுத் துணி வைத்திருப்பதால் நனையாது. அம்மாவின் பையில் மூச்சு மருந்துக்குத் தனி இடம் இருக்கிறது, இருட்டிலும் கையில் தட்டுப்படும். அப்பாவுடையதில் ஸ்குரூ டிரைவருக்கு வார் வைத்திருக்கிறேன். கடை அக்கா, "யாருக்குடி இவ்வளவு இழுத்து இழுத்துத் தைக்கிற?" என்று கேட்டார். "என் ஃப்ரெண்டுக்கு. உங்களுக்கு வேணும்னா காசு குடுங்க" என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

பார்சலில் நான்கு பை இருக்கும். நான்காவது அவளுக்கு. உன்னுடையதில் பாக்கெட் ஆறு, அவளுடையதில் ஐந்து. கேட்டால் துணி போதவில்லை என்று சொல்லிவிடு.

துணி நிறைய இருந்தது.

உன்
மௌனசாமி