பிறந்த வீட்டுச் சீர்

3 மார்ச் 2025, திங்கள்

இன்று ஒன்பது முறை. நான்கில் இரத்தம். தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் என் பேக்கிங் மேஜையிலிருந்து கழிப்பறைக்கு அறுபத்திரண்டு அடி. எட்டு வருஷமாக நடந்து நடந்து அதைவிட நன்றாக எனக்கு எதுவும் தெரியாது. சூப்பர்வைசர் இன்று வாய்விட்டே கேட்டுவிட்டார்: "இன்னா தையல்நாயகி, அங்கயே ஒரு சேர் போட்டுடட்டா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் வீட்டில் ஒரு மாதத்துக்குச் சோப்பு நுரைக்காமல் போகட்டும்.

7 மார்ச்

டாக்டர் விர்ஜினி ஒளிக்காமல் சொன்னார். என் பெருங்குடல் புண் மாத்திரைக்கு அடங்கவில்லை. இப்படியே போனால் குடலை எடுத்துவிட்டு வயிற்றில் ஓட்டை போட்டு மலம் சேர ஒரு பை வைக்க வேண்டியதுதான். வருஷக்கணக்கில் புண்ணாகவே கிடக்கும் குடலில் புற்று வரவும் வாய்ப்பு அதிகமாம்.

அதற்கு முன் ஒன்று செய்து பார்க்கலாம் என்றார். குடலில் கோடிக்கணக்கில் பாக்டீரியா குடியிருக்கிறது. என் குடலில் நல்லவை குறைந்து முரடர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களோடு உடம்பு போடும் சண்டையில் குடலே புண்ணாகிறது. நோயில்லாத ஒருவருடைய மலத்தைக் கரைத்து, வடிகட்டி, டியூப் வழியாக உள்ளே விட்டால் நல்லவை வந்து குடியேறலாம். இன்னும் ஆராய்ச்சிதான், எல்லாருக்கும் கேட்பதில்லை என்றும் சொன்னார்.

மலம்! பஸ்ஸில் வாயைப் பொத்திக்கொண்டே வந்தேன். ஆனால் அந்தப் பையை நினைத்தால் — எதை வேண்டுமானாலும் விடட்டும். யாரிடம் போய்க் கேட்பது?

9 மார்ச், ஞாயிறு

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அதனால் ஆகாது. அண்ணி சுமலதா பல்வலிக்கு மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கி ஆன்டிபயாடிக் சாப்பிட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. அது நல்ல பாக்டீரியாவையும் கொன்றிருக்கும், மூன்று மாதம் கழிய வேண்டுமாம். மிச்சம் என் அண்ணன் கோவிந்தராசு. நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவன். கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று வயிற்றைத் தட்டிக் காட்டுகிறவன். என் நோயை இத்தனை வருஷமும் "எல்லாம் மனசுதான், மோர் குடி" என்று தள்ளியவன்.

தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"தீபாவளிக்குப் பொடவ, பொங்கலுக்குக் கரும்பு, இப்ப இதுவா? பொறந்த வூட்டு சீர்ல இதயும் சேத்துட்டியே தையலு!"

சிரிப்பு அடங்குமுன்பே, "எப்ப வரணும், சொல்லு" என்றான்.

மோர் குடி என்றதையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

12 மார்ச்

ஆஸ்பத்திரியில் தந்த படிவத்தை அண்ணனுக்காக நான்தான் நிரப்பினேன். கேள்விக்குக் கேள்வி அவன் கிண்டல். மலத்தில் இரத்தம் போனதுண்டா என்று படித்தபோது மட்டும், "இல்ல, இல்ல, அடுத்தத படி" என்றான். இல்லை என்று எழுதினேன்.

18 மார்ச்

பத்து முறை. அண்ணனின் டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரவில்லை.

24 மார்ச்

அண்ணனின் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதாம். அவனுக்கே டியூப் விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

எனக்கு முதலில் வந்தது கோபம். என் வாய்ப்பு போயிற்றே என்று. எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் உண்மை அதுதான்.

2 ஏப்ரல்

புற்று. இடப்பக்கக் குடலில் சின்னக் கட்டி. அவனுக்கு நாற்பத்தேழு வயசுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கேட்டேன், எத்தனை நாளாக என்று.

"ஆறு மாசமா போவுது. மூலம்னு நெனச்சி களிம்பு வாங்கிப் போட்டுக்கினு இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாண்ணா? எட்டு வருஷமா ரத்தத்தப் பாக்கறவ நானு!"

"உன்ன மனசு வியாதின்னு சொல்லிட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கினு வந்து சொல்றது?"

அடப்பாவி, வெட்கத்துக்காகவா இத்தனை நாள்? கத்த வேண்டும் போலிருந்தது. கையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

அவனுக்கும் பாக்டீரியாவாலா என்று டாக்டரிடம் கேட்டேன். "சில பாக்டீரியா விடற நஞ்சு குடல் செல்லைக் கெடுக்கும்னு ஆராய்ச்சில தெரிய வருது. ஆனா உங்க அண்ணனுக்கு எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆரம்பத்துலயே தெரிஞ்சுடுச்சு. நீங்க கேக்கலன்னா அவர் இங்க வந்திருக்கவே மாட்டார்" என்றார்.

என் குடலிலும் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்று இல்லை. சந்தோஷப்படத் தெரியவில்லை.

24 ஏப்ரல்

ஆபரேஷன் முடிந்தது. கட்டியோடு ஒரு சாண் குடலை எடுத்துவிட்டார்கள். பை வைக்கவில்லை. கண் விழித்து என்னைத் தேடினான்.

"தையலு... ஒனக்குக் குடுக்க வேண்டியத வெட்டி எடுத்துட்டானுங்க."

2 மே

அண்ணனிடமிருந்து எடுத்த கட்டியின் ரிசல்ட் வந்தது. வேறெங்கும் பரவவில்லை! எட்டு முறை ஓடினேன். அழுததை எண்ணவில்லை.

15 ஜூன், ஞாயிறு

அண்ணி வந்தார். பல்வலி மாத்திரை நிறுத்தி மூன்று மாதம் ஆகும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாராம். நானாக வாய் திறந்திருக்க மாட்டேன். புருஷன் பிழைத்து எழுந்த வீட்டில் போய் எதைக் கேட்பது?

"அவரால முடியல, அதுக்குன்னு சீர் நின்னுடுமா? இந்த வருஷம் நான் கொண்டாறேன்" என்றார்.

எனக்கு வந்த அழுகையைப் பார்த்து, "மொதல்ல டெஸ்ட்ல பாஸாவட்டும், அப்பறம் அழு" என்று தோளில் தட்டினார்.

27 ஜூலை

அண்ணியின் சீர் மூன்று தடவை ஏறியாயிற்று. இன்று நான்கு முறை, ஒன்றில் மட்டும் இரத்தம். டாக்டர் பொறுத்துப் பார்ப்போம் என்கிறார்.

காலையில் அண்ணன் போன் செய்தான், அக்கம்பக்கம் கேட்காத குரலில். "ஆறு தடவ போறேன் தையலு. இது நார்மலா? நீ நோட்ல எழுதுவியே, எப்படி எழுதற?"

எட்டு வருஷமாக அந்த நோட்டைக் கிண்டல் செய்தவன். புதுப் பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் என் பெயரும் மறுபக்கம் அவன் பெயரும் எழுதினேன். தினமும் போனில் சொல்ல வேண்டும், மறைத்தால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

20 அக்டோபர், தீபாவளி

அண்ணனும் அண்ணியும் புடவையோடு வந்தார்கள். இந்த முறை வெறும் புடவைதான்.

நான் இரண்டு. அவன் மூன்று. இருவருக்கும் இரத்தம் இல்லை.