வால்வு[2] = திற

நாள் 212, 08:10
சீரிஸ் குறுங்கோள் தளம். பதிவு: ரெஜினா. வெப்பம், மின்சாரம் சரி. சூரியப் புயலில் போன பூமித் தொடர்பு ஆன்டெனா போனதுதான். பூமியிடமிருந்து எழுபதாவது நாளாகச் சத்தமில்லை. துளைப்பொறியாளர் இசக்கியப்பன் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, துளைக்குடிலில். அங்கே முதல் காற்றுத்தொட்டி தீர்கிறது. இரண்டாவதைத் திறக்க இங்கிருந்து கட்டளை அனுப்பினேன். திரை சொன்னது: முடிந்தது.

10:25
இசக்கியிடமிருந்து: "யக்கா, காத்து வரலயே. மீட்டர் முள்ளு எறங்கிட்டே கெடக்கு."
மறுபடி அனுப்பினேன். முடிந்தது என்கிறது. வால்வு மூடியே இருக்கிறது. தொட்டிகள் குடிலுக்கு வெளியே. அவன் விண்ணுடை கிழிந்துவிட்டது; வெளியே வர முடியாது. இருக்கும் ஒரே வண்டியும் அங்கேதான்; நான் போகவும் வழியில்லை.

11:05
பிழை என்னுடையது. புயலில் பழைய மென்பொருள் அழிந்தபின் கட்டளை மொழியை நானே எழுதினேன். நேற்றுவரை ஒவ்வொரு வால்வுக்கும் தனிப்பெயர். நேற்று அவற்றை அழித்து, ஒரே பட்டியலாக்கி, எண் கொடுத்தேன். சுருக்கமாக இருக்கட்டுமே என்று.
என் நிரல் கட்டளையை மரமாகப் பிரிக்கும்; மரத்தின் ஒவ்வொரு கணுவும் ஒரு வேலை. 'வால்வு[2]' என்பதற்கு அதில் ஒரே கணு: இரண்டாம் இடத்தில் உள்ளதை எடுத்துக் கொடு. சமக்குறிக்கு இடப்பக்கம் வந்தால் அந்த இடத்தில் எழுத வேண்டும்; அப்போதும் அதே கணுதான். எடுத்த நகலில் 'திற' என எழுதி, நகலை வீசிவிடுகிறது. பட்டியல் மாறுவதேயில்லை.
புதுக் கணு வேண்டும். மூன்று கிளைகள்: எந்தப் பட்டியல், எத்தனையாவது இடம், என்ன மதிப்பு.

11:50
"வந்திரும்லா யக்கா?"
"வந்துரும். பேசாத, காத்த மிச்சம் பிடி."
"நீங்க பேசுங்க. ஒத்தையில இருக்க மாதிரி இருக்கு."
பேசிக்கொண்டே தட்டினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. இரண்டு இடத்தில் அடைப்புக்குறி விட்டுப்போயிற்று. திருத்தினேன்.

12:31
சோதனை ஓட்டம் சரி. நேற்றே ஓட்டியிருக்க வேண்டியது.
அனுப்பினேன். வால்வு திறந்தது. அழுத்தம் ஏறுகிறது.
"இசக்கி, வந்துருச்சுடா. இழுத்து மூச்சு விடு."

12:40
மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும்.

13:15
குடிலில் காற்றழுத்தம் இயல்பு நிலை. அவன் ஒலிவாங்கி திறந்தே இருக்கிறது. ஒலியை முழுக்கக் கூட்டி வைத்திருக்கிறேன். காற்று உள்ளே சுழலும் சத்தம் கேட்கிறது.
அது மட்டும்தான் கேட்கிறது.